நாற்பது காலர்கள்

“அவர் கையெழுத்துப் போட மாட்டார்டி. தன்னைத் திட்டி எழுதினதுக்கு எவனாவது கையெழுத்துப் போடுவானா?” என்றாள் பட்டன் தைக்கும் அக்கா.

“போடுவார். போட வைக்கிறேன்.” தாள்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள் சூப்பர்வைசர்.

குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலை அது. ஆண்டு விழாவுக்கு ‘என் வாழ்க்கையை மாற்றிய நாள்’ என்று கட்டுரைப் போட்டி வைத்திருந்தார்கள். முதல் பரிசு அவளுக்கு. நாலு மணிக்கு மேடையில் வாசிக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: கட்டுரையில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ, அவர் படித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அவள் எழுதியது செக்கரைப் பற்றி. தைத்து வருவதில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பவர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் ‘கழுகு’ என்பார்கள். அன்றைக்குத்தான் அவருக்கு வேலையில் கடைசி நாள்.

“போற நாள்ல போய் ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால தலைகுனிய வைக்கணுமா? விட்டுத் தொலையேன்” என்றாள் பட்டன் அக்கா.

“என்னைத் தலைகுனிய வச்சப்போ அவர் நாள் பார்த்தாராக்கா?”

பதினோரு வருஷக் கோபம். லேசில் ஆறுமா?

செக்கர் தன் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“உங்களைப் பத்தி எழுதியிருக்கேன் சார். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியில் தையல் பார்ப்பதுபோலவே வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

‘வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். அன்று காலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மதியம், நான் தைத்த நாற்பது காலர்களையும் இவர் என் மெஷின்மேல் வீசினார். “இதெல்லாம் ஒரு தையலா? கோணல்மாணல்! நாற்பதையும் பிரி” என்று நூறு பேர் முன்னால் கத்தினார். என் தையல் நேராகத்தான் இருந்தது. கடைசிக் காலரைப் பிரிக்கும்வரை பின்னாலேயே நின்று, நான் அழுவதை ரசித்தார். இவரே ஒரு குறை சொல்ல முடியாதபடி தைத்துக் காட்டுவேன் என்று அன்று சபதம் எடுத்தேன். இன்று அதே தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர்.’

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழுது இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, ஒரு வரியின் ஓரத்தில் ஒட்டினார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “கட்டுரையிலயும் பழுதா? நான் எழுதினதுல எது பொய்?”

ஸ்டிக்கரைப் பார்த்தாள். ‘அன்று காலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.’

“ஊசி உடைஞ்சுதேம்மா” என்றார், குரலைத் தாழ்த்தி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புது ஊசி. மறைத்தால் அன்றோடு வேலை போச்சு. அன்றைக்கு அவளுக்கு முனை மட்டும் கிடைக்கவில்லை. பயத்தில் பக்கத்து மெஷின் டப்பாவிலிருந்து வேறு ஊசி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உன் மெஷின்ல புது ஊசி மின்னுச்சு. ஸ்டோர் நோட்டுல உன் கையெழுத்து இல்லை. முனை நாற்பதுல எதுல மாட்டியிருக்குன்னு யார் கண்டா? மேல சொன்னா உன்னை அப்பவே அனுப்பிடுவாங்க. விட்டா ஏதோ ஒரு குழந்தை கழுத்துல குத்தும். வேற வழி தெரியலை. கத்தினேன்.”

“பின்னாலேயே நின்னீங்களே?”

“முனை எப்போ விழும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். முப்பத்தொண்ணாவதுல விழுந்துச்சு. செருப்பால மறைச்சுட்டேன். மீதி ஒன்பது சும்மா. பாதியில நிறுத்தினா சந்தேகம் வந்துடும்ல?”

இப்போது அவள் உட்கார்ந்துவிட்டாள். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்போ என் தையல்?”

“நேராத்தான் இருந்துச்சு. அழகாவே இருந்துச்சு.”

“இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாமே சார்!”

“சொன்னா, மறைச்சதுக்கு என்னையும்ல வீட்டுக்கு அனுப்புவாங்க? இன்னைக்கு நானே போறேன், சொல்லிட்டேன்.” ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்தார். “இது பழக்கதோஷம். தப்பைப் பார்த்தா கை சும்மா இருக்காது. நீ எழுதினதை அப்படியே படி. உனக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் வேலை இருக்கு. நான் திட்டு வாங்கிட்டு ஜோரா வீட்டுக்குப் போயிடுவேன்.”

அவள் தாள்களை வாங்கிக்கொண்டாள்.

நாலு மணி. முன்வரிசையில் முதலாளியும் மேனேஜரும். கடைசி வரிசையில், திட்டு வாங்கத் தயாராகச் செக்கர்.

மைக்கைப் பிடித்தாள். சுருட்டிய தாள்களைப் பிரிக்கவேயில்லை.

“பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே லைனில், ஊசியை உடைத்துவிட்டு மறைத்தவள் நான். அன்று என் வேலையைக் காப்பாற்றியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவருக்கு எல்லோரும் கை தட்டுங்கள். என்னை என்ன செய்வது என்று பிறகு முடிவு செய்யுங்கள்.”