சாட்சி நேரம்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம் முழுக்க ஆண்டவருக்காக மீன் சாப்பிடுவதை விடப்போவதாகச் சபைக் கமிட்டி உறுப்பினர் தவசிங் வீட்டில் அறிவித்தார்.

“உங்களுக்குத்தான் மீனே பிடிக்காதே. அது ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?” என்றாள் மனைவி மேபல்.

“வேற எதைடீ விட?”

“ஆண்டவர் உங்களுக்குச் செஞ்சத வாராவாரம் கோயில்ல எழுந்து சாட்சி சொல்றீங்களே, அத விடுங்க.”

தவசிங்குக்குப் புரையேறியது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனையில், “சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம்” என்றார் போதகர். சபையே பழக்கதோஷத்தில் தவசிங்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. அவர் எழுந்தார். ஆண்டவருக்காகச் சாட்சியையே விட்டுவிட்ட அருமையான சாட்சி தொண்டைவரை வந்து நின்றது. மேபல் கண்ணை இறுக மூடி, கல்யாணமான நாளிலிருந்து காட்டாத ஊக்கத்தோடு அவருக்காக ஜெபித்தாள்.

தவசிங் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் யாரோ வாய்விட்டே சொன்னார்கள்: “ஸ்தோத்திரம்!”