நிற்கும் வண்டிக்கு ஓர் ஓட்டுநர்

"நின்னுக்கிட்டிருக்கிற பஸ்ல ஏறி உக்கார்றதுதான் வைத்தியமா? அப்படின்னா பஸ் ஸ்டாண்டுல தூங்குறவன் எல்லாம் டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டவனா?"

பணியாளர் அதிகாரி தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எதிரே நின்ற ஓட்டுநர் சிரிக்கவில்லை. மனநல மருத்துவர் கொடுத்த கடிதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"முதல்ல நிக்கிற வண்டியில உக்காரணும் சார். அது பழகினதும் இன்ஜினை ஓடவிட்டு உக்காரணும். அப்புறம் ஷெட்டுக்குள்ளேயே ஒரு சுத்து. அப்புறம்தான் ஆளில்லாத ரோடு. படிப்படியாத்தான் போகணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நீ இப்ப எந்தப் படியில நிக்கிற?"

"ரெண்டாவது சார். நேத்து இன்ஜின் ஓட ஓட பன்னெண்டு நிமிஷம் உக்காந்திருந்தேன். போன வாரம் மூணே நிமிஷத்துல இறங்கி ஓடிட்டேன்."

சொல்லும்போது குரலில் லேசான பெருமை எட்டிப் பார்த்தது. அதிகாரிக்கு அது போதாதா?

"பன்னெண்டு நிமிஷம்! கேட்டியாம்மா? ஒரு மெடல் குத்தி அனுப்பிடலாமா?"

மூலை மேசையில் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் எழுத்தர் நிமிரவே இல்லை.

பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவர் அந்த ஓட்டுநர். ஐந்து மாதத்துக்கு முன் தப்பான பக்கத்தில் வந்த ஒரு லாரி, அவர் வண்டியின் படிக்கட்டுப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. படியில் நின்ற நடத்துநர் அங்கேயே இறந்துபோனார். பதினோரு வருடம் ஒரே வண்டியில் ஒன்றாக வேலை பார்த்தவர். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவர் மனசுதான் அதை ஏற்கவில்லை. எங்கேயாவது லாரி ஹாரன் கேட்டால் கை விறைத்துக்கொள்ளும், மூச்சு அடைக்கும், அந்த விபத்து அப்படியே மறுபடி கண்ணெதிரே நடக்கும்.

மருத்துவ விடுப்பு நேற்றோடு முடிந்துவிட்டது. சிகிச்சை முடியும்வரை, ஆறு மாதத்துக்குப் பணிமனை ஸ்டோரில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் வேலை போதும் என்று கேட்டு வந்திருந்தார். கிடைக்காவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

"அடிபட்டது நடத்துநருக்கு. உன் மேல ஒரு கீறல்கூட இல்ல. உன் வியாதி எந்த எக்ஸ்ரேயில தெரியுது, சொல்லு?"

"எக்ஸ்ரேயில தெரியாது சார். ஹாரன்லதான் தெரியும்."

அதிகாரி சட்டென்று மேசையில் ஓங்கி அறைந்து, "பாஆஆம்!" என்று லாரி மாதிரி கத்தினார்.

ஓட்டுநர் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு ஒழுங்குக்கு வர வெகுநேரம் ஆயிற்று.

"பாத்தியா? உயிரோடதானே நிக்கிற? குணமாயிடுச்சு போ. எனக்கு ஃபீஸ்கூட வேண்டாம்!"

ஓட்டுநர் உதவிக்கு எழுத்தரைப் பார்த்தார். அந்த அம்மாள் கண் திரையை விட்டு அசையவில்லை.

"ஏம்மா, நாளைக்குக் காலையிலேர்ந்து இவரை ரூட்டுக்கு அனுப்பு. ஸ்டியரிங்கைப் பிடிச்சா பயம் தானா பறந்துடும். எந்த வண்டி காலியா இருக்கு?"

"பதினேழு சார்."

"அதுல போடு."

"போட்டாச்சு சார். இந்த டாக்டர் லெட்டரை ஃபைல்ல வைக்கவா?"

"குப்பைத்தொட்டியில வை."

எழுத்தர் மறுபேச்சு பேசாமல் கடிதத்தைக் கசக்கிப் போட்டார். அடித்த உத்தரவை நீட்டினார். அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"சார்... ஓட்டும்போது கை விறைச்சிட்டா உள்ள இருக்கிறவங்க கதி என்ன சார்?"

"அது அவங்கவங்க தலையெழுத்துய்யா! ஓட்டிக்கிட்டே இருந்தா எல்லாம் சரியாப் போயிடும். கிளம்பு."

ஓட்டுநர் உத்தரவை வாங்கிப் படித்தார். "மேடம், ஸ்கூல் வண்டின்னு போட்டிருக்கே?"

"ஆமா, பதினேழை இந்த வருஷம் ஸ்கூலுக்கு விட்டிருக்கோம். காலையில ஏழேகாலுக்கு ஆபீசர் குடியிருப்பு வாசல்ல முதல் ஸ்டாப். நம்ம சாரோட பேத்தி அங்கதான் ஏறும். முன்சீட்டுதான் வேணும்னு அடம் பிடிக்கும், கொஞ்சம் பாத்துக்குங்க."

அதிகாரி எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் முட்டியது. ஓட்டுநர் கையிலிருந்த உத்தரவைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். அப்புறம் குனிந்து, தன் கையாலேயே குப்பைத்தொட்டியைத் துழாவி, மருத்துவரின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துச் சுருக்கம் நீவினார்.

"மனசு சம்பந்தப்பட்டதுப்பா இது, விளையாட்டா? படிச்ச டாக்டர் சும்மாவா எழுதுவார்? ஆறு மாசம் உனக்குப் போதுமா? ஒரு வருஷமாப் போட்டுக்கவா?"

ஸ்டோர் வேலைக்கான புது உத்தரவோடு ஓட்டுநர் வெளியே வந்தபோது, நகல் ஒன்றைக் கொடுக்க எழுத்தரும் பின்னாலேயே வந்தார்.

"மேடம், பதினேழை ஓட்டிக்கிட்டிருந்தவருக்கு என்ன ஆச்சு? வேலையை விட்டுட்டாரா?"

"அவர் ஏன் விடணும்? அதோ, பதினேழைத்தான் கழுவிக்கிட்டிருக்கார் பாருங்க" என்றார் எழுத்தர், முதன்முறையாகச் சிரித்து. "அந்த ரூட்டு என்னிக்குண்ணே காலியாச்சு?"