ஈரத்தில் நிற்கும் டயர்

"இருக்கிறதுலயே விலை குறைஞ்சது எதுவோ, அதை மாட்டிடுங்க" என்றாள் ஸ்வென்யா.

"மாட்டக் கூடாது" என்றாள் பக்கத்தில் நின்ற கெர்ஸ்டின்.

டயர்க் கடைக்காரர் ரைனர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஈஸ்டர் முடிந்த வாரம். பனிக்கால டயரைக் கழற்றிவிட்டுக் கோடை டயர் மாட்ட ஊரே வெளியே வரிசையில் நிற்கிறது. இந்த நேரம் பார்த்து அக்கா தங்கைச் சண்டை. மூத்தவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கைகட்டி நின்றாள். சின்னவள் முப்பதைத் தொட்டிருப்பாள். கார்ச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"வண்டி யாரோடது?"

"என்னோடதுங்க" என்றாள் ஸ்வென்யா. "பழைய வண்டி. காலையில ஸ்கூல், அப்புறம் ஆபீஸ், சாயங்காலம் கடை, அவ்வளவுதான். மலிவானதே போதும்னு என் வீட்டுக்காரர் ஹோல்கர் கண்டிப்பா சொல்லிட்டார்."

"இந்த வண்டியை ஹோல்கரா ஓட்டுறான்?" கெர்ஸ்டின் வெடுக்கென்று கேட்டாள். "தினம் அந்த மலை ரோட்டுல இறங்குறது நீ."

ரைனருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். சுவரின் உச்சியில் மாட்டியிருந்த டயரைக் காட்டினார். "அப்போ இதைப் பாருங்க. ஜெர்மனியிலயே இதுதான் ராஜா. நெடுஞ்சாலையில இருநூத்தம்பதுல பறந்தாலும் அசையாது."

"எங்க ரோட்டுல எண்பதைத் தாண்டினா ஓடைக்குள்ளதான் பறக்கணும். யாரோ பறக்குறதுக்கு நாங்க ஏன் காசு குடுக்கணும்? வேற காட்டுங்க" என்றாள் கெர்ஸ்டின்.

இருபத்தாறு வருடமாக டயர் விற்கிறார் ரைனர். இப்படி முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

பிறகு கீழ் வரிசையில் இருந்த மலிவு டயரில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தாள் கெர்ஸ்டின். "ஈரத்துல பிடிப்புக்கு 'டி' போட்டிருக்கு. உண்மையைச் சொல்லுங்க. மழையில எண்பதுல வந்து பிரேக்கை மிதிச்சா என்ன ஆகும்?"

ரைனர் பிடரியைச் சொறிந்தார். "'ஏ' போட்டது நிக்கிற இடத்தைத் தாண்டி, இது இன்னும் ரெண்டு கார் நீளம் போய்த்தாங்க நிக்கும்."

"கேட்டியா ஸ்வென்யா? போன அக்டோபர்ல, அந்தப் பாலத்து வளைவுல, உனக்கு எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?"

சின்னவளின் முகம் வெளுத்தது. "தடுப்புக் கம்பிக்கு அரை மீட்டர்."

"பின் சீட்ல ரெண்டு பிள்ளைங்க."

"தெரியும் கெர்ஸ்டின். அதுங்க போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு."

ரைனர் அதற்குமேல் வியாபாரம் பேசவில்லை. உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பெரிய கம்பெனி ஒண்ணு கொஞ்சம் விலை இறக்கி வேற பேர்ல விக்குது. ஈரத்துக்கு 'ஏ'. வளைவுல ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்கும். ரப்பர் மிருது, அதனால கொஞ்சம் சீக்கிரம் தேயும். விலை நடுவாந்தரம். என் பொண்ணு வண்டிக்கும் இதான்."

"இதை ஏன் முதல்லயே காட்டல?" என்றாள் கெர்ஸ்டின்.

ரைனர் டயரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். நல்ல வேளையாக ஸ்வென்யாவின் போன் அடித்தது. ஹோல்கரின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"இன்னும் முடியலையா? மலிவா நாலு மாட்டிட்டு வான்னா, அதுக்கு இவ்வளவு நேரமா?"

ஸ்வென்யா போனை மூத்தவளிடம் நீட்டினாள். கெர்ஸ்டின் ஓரடி பின்வாங்கினாள். "நான் பேசினா அது வேற கதையாயிடும். உன் வண்டி. நீயே பேசு."

ஸ்வென்யா மூச்சை இழுத்துவிட்டாள். "ஹோல்கர், கூரையைத் திறந்து மூடுற உன் வண்டிக்குப் போன மாசம் என்ன டயர் வாங்கின?"

"அது... அது ஸ்போர்ட்ஸ் வண்டி. அதுக்கு அந்த டயர்தான் போடணும்."

"ஞாயித்துக்கிழமை வெயில் அடிச்சா மட்டும் வெளிய வர்ற வண்டிக்கு உசந்த டயர். மழையில தினம் ஓடுற வண்டிக்கு உருப்படாத டயரா? நான் நல்லதுதான் போடப்போறேன்."

"ஏய், என்னைக் கேக்காம..."

"உன்னைக் கேக்கல ஹோல்கர். சொல்றேன்."

போனை அணைத்தாள். தலை நிமிர்ந்திருந்தது. "நாலையும் மாட்டுங்க" என்றாள். அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை.

"பில் என்ன குடும்பப் பேர்ல?"

"ப்ரிங்க்மான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ரைனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் என்றால் சும்மாவா!

அரை மணி நேரத்தில் வண்டி தயாராகிவிட்டது. கெர்ஸ்டின் கொட்டும் மழையில் வண்டியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு டயரையும் குனிந்து தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி வழியே அதைப் பார்த்த ரைனர், ஸ்வென்யாவிடம் சாவியைக் கொடுத்தபடி சொன்னார்: "அந்தப் பிள்ளைங்க குடுத்து வெச்சதுங்க. பெத்தவளைவிட உங்க அக்காதான் அதுங்களுக்காகத் துடிக்கிறாங்க."

ஸ்வென்யா அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"எனக்கு அக்காவே கிடையாதுங்க. அவங்க ஹோல்கரோட முதல் மனைவி. அந்த ரெண்டு பிள்ளைங்களையும் பெத்தவங்களே அவங்கதான்."