ஐந்தாம் முறுக்கு

முதல் பந்தயத்தன்று, நடுவரான ஆள்காட்டிக் குருவி ‘ஜெயிச்சாச்சு’ என்று கத்திய கத்தல் அந்த இரலை மானின் காதை விட்டுப் போகவேயில்லை. மேட்டுக்காட்டு மந்தைக்காக மூன்று வருடம் ஓடி, மூன்றிலும் ஜெயித்த மான் அது. நாலாம் வருடம், புல் ருசிக்காக ஏரிக்கரை மந்தைக்கு மாறியது. மந்தை மாறினால் ஒரு வருடம் ஓடக்கூடாது என்பது வழக்கம். நின்று வேடிக்கை பார்த்தது.

மறுவருடம், பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு, குருவி கொம்பு பார்க்க வந்தது. கொம்பில் வருடத்துக்கு ஒரு முறுக்கு ஏறும். நாலுக்கு மேல் ஏறினால் ஓட முடியாது.

"அஞ்சு இருக்கே, தம்பி."

"போன வருஷம் நான் ஓடலையே அக்கா! சும்மாதானே நின்னேன்?"

"நீ நின்னே. உன் கொம்பு நிக்கலையே!"

மான் ஒன்பது நாள் பாறையில் கொம்பு நுனிகளைத் தேய்த்தது. பத்தாம் நாள் முறுக்கு நாலுதான் இருந்தது.

குருவி சிரித்தது. "அட அசடே! கொம்பு அடியிலேர்ந்துதான் வளரும். நுனியில இருந்தது நீ முதல்ல ஜெயிச்ச வருஷம். அது இல்லேன்னு ஒத்துக்கிட்டா இன்னிக்கு ஓடலாம். என்ன சொல்றே?"

மற்ற மான்கள் கோட்டில் வந்து நின்றுவிட்டன. இரலை அவற்றைப் பார்த்தது.

"அந்த வருஷம் இருந்துட்டுப் போகட்டும் அக்கா" என்று விலகி நின்றது.

ஏரிக்கரை மந்தை அன்று கடைசியாக வந்தது. இரலை அதன்பின் ஏழு வருடம் அங்கேயே மேய்ந்து, நன்றாகக் கொழுத்து, ஐந்து கன்றுகளுக்குத் தகப்பனாகி, ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது.