மிஸ் ஜூனிப்பரின் கடைசிச் சுற்று

“அவர் படகு ஓட்டறப்ப நீங்க எதைப் பாத்துட்டு இருப்பீங்க?”

ஒரு பத்திரிகைக்காரி ஆர்லீனிடம் ஒருமுறை இப்படிக் கேட்டாள். அவள் கணவன் வெர்ன் ஹால்வர்சனின் பந்தயப் படகு மிஸ் ஜூனிப்பர் முதல் தடவை தேசிய சாம்பியன் ஆன வருஷம் அது.

வாலைப் பார்ப்பேன் என்றாள் ஆர்லீன். படகுக்குப் பின்னால் நாற்பது அடி உயரத்துக்குச் சேவல் வால் போலத் தண்ணீர் எழும்புமே, அதை. அது எழும்பிக்கொண்டே இருந்தால் வெர்ன் உயிரோடு இருக்கிறான்.

பத்திரிகைக்காரி சிரித்தாள். அந்தப் பதில் அச்சில் வரவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஆர்லீன் நிற்கும் படம் வந்தது.

பந்தயப் படகுகள் எல்லாமே மிஸ்தான். மிஸஸ் என்று ஒரு படகு கிடையாது. மிஸஸ் வீட்டில் இருக்கிறாள் என்பான் வெர்ன்.

ஏழு வருஷத்தில் நாற்பத்தொரு கோப்பை வாங்கிய படகு. போர் விமானத்திலிருந்து கழற்றி மாட்டிய இன்ஜின். டெட்ராய்ட்டில் தீப்பிடித்து வெர்னின் புருவத்தைப் பொசுக்கியது. மறு வருஷம் ஓர் அலையில் துள்ளி விழுந்து, அவனுடைய விலா எலும்பு இரண்டை உடைத்தது. ஆஸ்பத்திரியில் அவன் கண்ணைத் திறந்ததும் கேட்டது, படகுக்கு என்ன ஆச்சு என்று.

கோப்பைகளை எல்லாம் துடைத்து அடுக்கியது ஆர்லீன்.

இன்று ஆகஸ்ட் ஞாயிறு. வாஷிங்டன் ஏரிக் கரையில் இரண்டு லட்சம் பேர். இரண்டு வருஷமாக ஏரிப் பக்கமே வராத ஆர்லீன், படகுத்துறையின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதுதான் கடைசிப் பந்தயம் என்று பேப்பரில் போட்டிருந்தது. நாளை மிஸ் ஜூனிப்பர் மியூசியத்துக்குப் போகிறது. இந்த ஐந்து சுற்றை அவன் முழுசாக முடித்துவிட்டால் போதும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் போகக் கூடாது. பெண் கால் பட்டால் இன்ஜின் வெடிக்கும் என்று மெக்கானிக்குகள் நம்பினார்கள். ஓட்டுகிறவனின் மனைவியானாலும் இந்தப் பக்கம்தான். கேட்டில் அதே பழைய காவலாளி ஆஸ்கர் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார்.

பின்னால் ரேடியோவை மடியில் வைத்திருந்த ஒருவர், டெட்ராய்ட் படகைக் குளியல் தொட்டி என்று கிண்டலடித்தார். அந்தத் தொட்டிதான் போன மாசம் உங்க மகாராணியைக் குளிப்பாட்டி அனுப்பியது என்று ஒரு டெட்ராய்ட்காரர் திருப்பிக் கொடுத்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆர்லீன் சிரிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற மஞ்சள் சட்டைப் பெண்ணும் சிரிக்கவில்லை.

மூன்று சுற்று முடிந்தது. நான்காவதில், தூரத்துத் திருப்பத்தில், வால் காணாமல் போனது.

மிஸ் ஜூனிப்பரின் மூக்கு மேலே எழும்பியது. முழுப் படகும் ஒரு கதவைப் போலத் தண்ணீர்மேல் செங்குத்தாக நின்றது. பிறகு மல்லாக்க விழுந்தது. சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் கரைக்கு வந்தது.

பந்தயத்தை நிறுத்தச் சிவப்பு வாணம் விட்டார்கள். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக அடங்கின. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுவது கேட்டது.

ஓட்டியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் தண்ணீரிலிருந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அது வழக்கம்.

பலகைகள் மிதந்தன. எண்ணெய் மிதந்தது. ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புச் சட்டை ஒன்று மிதந்தது. அதில் அசைவே இல்லை.

பிறகு ஒரு கை எழும்பியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கையும்.

ஆர்லீன் வேலிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது, மூக்கு ஒழுகியது, இரண்டையும் அவள் அடக்கவில்லை. அங்கே மிஸ் ஜூனிப்பரின் கடைசித் துண்டு முங்கிக்கொண்டிருந்தது. ஏரி அந்த இடத்தில் இருநூறு அடி ஆழம். போகட்டும், நன்றாகப் போகட்டும் என்று நினைத்தாள்.

அப்புறம்தான் தன் கை வலிப்பது தெரிந்தது. மஞ்சள் சட்டைப் பெண் நகம் பதிய அதைப் பிடித்திருந்தாள்.

ஆஸ்கர் கேட்டை அகலத் திறந்தார்.

“உள்ள வாங்க மிஸஸ் ஹால்வர்சன், சீக்கிரம். ரூல்ஸெல்லாம் இன்னைக்குக் கெடக்கட்டும்.”

அவர் ஆர்லீனைத்தான் பார்த்துச் சொன்னார். ஆஸ்கர் பேப்பர் படிக்கிறவர் இல்லை.

ஐந்து கோடைக்காலம் அந்த வேலியோரம் நின்றிருக்கிறாள் ஆர்லீன். ஒரு தடவைகூட அந்தக் கேட் அவளுக்குத் திறந்ததில்லை.

தன் கையை இறுக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அதில் ஒரு விரலில் கல்யாண மோதிரம், இன்னும் கீறல் விழாமல். வெர்ன் போன வசந்தத்தில் போட்டது. சர்ச் வாசலில் இருவரும் நிற்கும் படம் பேப்பரில் வந்திருந்தது.

ஆர்லீன் அந்தப் பெண்ணின் முதுகில் கையை வைத்து கேட்டுக்குள் தள்ளிவிட்டாள்.

நாலு எட்டு ஓடியவள் நின்று, நீங்க யாரு என்று கேட்கத் திரும்பினாள்.

ஆர்லீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.