ஓநாய்களுக்கு முன்னால்

தன் காதலன் கோல்டனைத் தோழி ஷெல்பி தட்டிப் பறித்த அன்றே, மார்லி பழிவாங்கத் தொடங்கிவிட்டாள். இணையத்தில் ஒரு தொடர்கதை, வாரம் ஓர் அத்தியாயம். உலகம் அழிந்தபின் சுவருக்குள் அடைபட்ட நகரம். நாயகியைக் கைவிடும் ஆஷ். அவனைப் பறித்த நீவா. முடிவில் இருவரையும் சுவருக்கு வெளியே ஓநாய்களுக்குத் தள்ளிவிடுவதாகத் திட்டம்.

வாசகிகள் கெஞ்சினார்கள். "அந்த நகரத்து அரசாங்கம் கவிழ்ந்தா கவிழட்டும்டி. ஆஷ் நாயகிகிட்ட திரும்பி வருவானா, அதைச் சொல்லு."

முகம் காட்டாத ஒருத்தி மட்டும், "அவனைத் தள்ளு. நல்லா வலிக்கட்டும்," என்று எழுதினாள்.

"நீவாவை?" என்று கேட்டாள் மார்லி.

"அவளையும்தான். அதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேக்க விடேன்."

"கேட்டதும் நாயகி உருகிடணுமா? போடி."

"மன்னிக்க வேணாம். காதுகொடுத்துக் கேட்டா போதும்."

மார்லி மசியவில்லை. மறுநாள் மதியம் ஓநாய் அத்தியாயம் வரும் என்று அறிவித்தாள்.

மறுநாள் பள்ளி உணவுக்கூடத்தில் அதை வெளியிடக் கைப்பேசியை எடுத்தபோது, எதிரே ஷெல்பி வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம்.

"என்னடி வேணும்?"

"கோல்டன் என்னையும் விட்டுட்டான். இன்னைக்கு நீ என்னை ஓநாய்கிட்ட தள்ளப்போறே. அதான், முகம் காட்டாம எழுதிக் கேட்டதை நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன்."

மார்லி எதிர் நாற்காலியில் கிடந்த தன் பையைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"உக்காரு. சாப்பிட்டுக்கிட்டே சொல்லு, ஆஷை மட்டும் எப்படித் தள்ளினா நல்லா வலிக்கும்?"