கதவு மட்டும்

வீடு கட்டத் தந்த உதவியில் முதலில் வந்தது கதவுதான். கல்லும் சீமெந்தும் அடுத்த மாதமாம். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய தவமலர், பற்றை வெட்டிய வெறுங்காணியில் நிலையை நட்டுக் கதவை மாட்டினாள். அதற்குப் பின்னால் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தாள்.

பதிவுக்கு வந்த கிராம அலுவலர் கதவைச் சுற்றிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்தார். “இஞ்ச ஆக்கள் இருக்கினமோ?”

“ஐயா, சுவருக்குள்ளால வாறியள். கதவால வாங்கோ.”

அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, “வீட்டுக்காரர்!” என்று கூப்பிட்டார்.

முகாமில் அவளை அட்டை எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

“கேக்கேல்லை ஐயா,” என்றாள். “இன்னொருக்காக் கூப்பிடுங்கோ.”